உண்ட சோறும் உண்ட கலமும்: ஆங்கில ரிலேட்டிவ் கிளாஸ் (relative clause) சந்தேகங்கள்

கேள்வி: 'நான் படித்த பள்ளி' என்பதை 'தி ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட்' என்று எழுதினேன். ஆசிரியர் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

பதில்: கடைசியில் 'அட்' இல்லை. அது இல்லாவிட்டால், பள்ளியையே ஆராய்ந்து படித்ததாகப் பொருள் வந்துவிடும். நம்மில் பலருக்கும் வரும் தப்பு இது. ஆங்கிலத்தில் 'விச்', 'ஹூ' போட்டுப் பெயரை விளக்கும் ரிலேட்டிவ் கிளாஸின் வேலையைத் தமிழில் பெயரெச்சம் செய்கிறது; காரணம் அதில் இருக்கிறது. 'உண்ட' என்ற ஒரே சொல் உண்ட சாத்தன், உண்ட சோறு, உண்ட கலம், உண்ட வீடு, உண்ட நாள் என்று எதோடும் சேரும். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறு பொருளை நன்னூல் கணக்குச் சொல்கிறது. எவ்வளவு சிக்கனமான அமைப்பு! வீட்டில் உண்டோம், கலத்தில் உண்டோம்; அந்த 'இல்' பெயரெச்சத்தில் தானாக மறைந்துவிடும், நாம் ஊகித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது வெளியே தெரிய வேண்டும். உண்ட சோறு 'தி ரைஸ் ஐ ஏட்'. உண்ட கலமோ 'தி பிளேட் ஐ ஏட் ஃப்ரம்'. மாம்பழம் வெட்டிய கத்தி, 'தி நைஃப் ஐ கட் தி மேங்கோ வித்'.

எழுதுமுன் அதை முழு வாக்கியமாக்கிச் சொல்லிப் பாருங்கள்: 'ஐ ஸ்டடீட் அட் தி ஸ்கூல்'. அந்த 'அட்' தொலையக் கூடாது. 'வேர்' போட்டால் மட்டும் அது வேண்டாம்: 'தி ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீட்'.

கேள்வி: 'தி புக் விச் ஐ பாட் இட்' சரியா?

பதில்: இல்லை. புத்தகத்தைச் சுட்ட 'விச்' வந்துவிட்டது. அப்புறம் 'இட்' எதற்கு? எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 'மை சிஸ்டர் ஹூ லிவ்ஸ் இன் சேலம் இஸ் எ நர்ஸ்'. இதில் கமா வேண்டுமா?

பதில்: உங்களுக்கு அக்கா தங்கை எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால் சேலம் கூடுதல் தகவல். 'சிஸ்டர்' என்பதற்குப் பிறகும் 'சேலம்' என்பதற்குப் பிறகும் கமா போடுங்கள். மூன்று பேரில் சேலத்தில் இருப்பவரைப் பிரித்துக் காட்டுகிறீர்கள் என்றால் கமா கூடாது. 'சேலத்தில் இருக்கும் என் அக்கா' என்று தமிழில் இரண்டுக்கும் ஒன்றுபோலவே சொல்வதால்தான் இது நம் கண்ணில் படுவதில்லை. கமா போட்ட இடத்தில் 'ஹூ', 'விச்' என்பவற்றுக்குப் பதிலாக 'தட்' எழுதாதீர்கள்.

கேள்வி: 'ஹூம்' கட்டாயமா?

பதில்: பேச்சில் தேவையில்லை. 'தி மேன் ஐ மெட்' போதும். 'டூ', 'வித்' போன்றவை முன்னால் வந்தால் மட்டும் 'டூ ஹூம்', 'வித் ஹூம்' என்றுதான் வரும். ஆனால் வந்தவரே எழுவாய் என்றால் 'ஹூ'வை விட முடியாது: 'தி மேன் ஹூ கேம் இஸ் மை அங்கிள்'.