கேள்வி-பதில்: பேகன் வழிக்கு வாசல் எங்க இருக்கு?

கேள்வி: எனக்கு 29 வயசு. பொறந்து வளர்ந்த மதத்துல மனசு ஒட்டவே இல்ல, ஆனா கடவுளே இல்லன்னு சொல்லவும் முடியல. நிலாவையோ பெரிய மரத்தையோ பார்த்தா மட்டும் உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது. ஒரு வருஷமா பேகனிசம் பத்தி படிக்கறேன், விக்கா, ட்ரூயிட், ஹீத்தன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது. குரு வேணுமா? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? வீட்ல தெரிஞ்சா சூனியம்னு சொல்லிடுவாங்களோன்னும் பயமா இருக்கு.
(பேர் வேண்டாம்னு கேட்ட வாசகி)

பதில்: உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன் தோழி. இதே மாதிரி ஒரு கேள்வியை மனசுக்குள்ள வச்சுக்கிட்டு யார்கிட்டயும் கேக்க முடியாம பல வருஷம் சுத்தினவ நான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

பேகன்ங்கறது ஒரே மதம் இல்ல, பல வழிகளுக்கு மொத்தமா வச்சிருக்கற பேரு. லத்தீன்ல பாகானுஸ்னா நாட்டுப்புறத்துல இருக்கறவன். கிறிஸ்தவம் பரவின காலத்துல அதுல சேராதவங்களை அப்படி கூப்பிட்டாங்க, இப்ப அதே பேரை இவங்க பெருமையா வச்சுக்கிட்டாங்க. இதுல விக்காங்கறது நிலாவையும் இயற்கையையும் சடங்கோட கும்பிடற, தங்களை சூனியக்காரங்கன்னே சொல்லிக்கற வழி, இங்கிலாந்துல தொடங்கினது. 1735-ல போட்ட சூனியச் சட்டத்தை 1951-ல எடுத்தாங்க, மூணே வருஷத்துல, 1954-ல, ஜெரால்ட் கார்ட்னர்னு ஒருத்தர் புத்தகம் போட்டு இதை வெளியில கொண்டு வந்தார். மலாயாவுல கஸ்டம்ஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் அவர். டோரீன் வேலியன்டேன்னு ஒரு அம்மா அந்த சடங்கு வரிகள்ல நிறைய திருத்தி புதுசா எழுதினாங்க, இன்னிக்கு மனசைத் தொடற வரிகள்ல பல அவங்களோடதுதான். பழைய கெல்ட் மக்களோட பூசாரிகளான ட்ரூயிடுகளை முன்னோடியா வச்சுக்கற ட்ரூயிட் வழிக்கு வந்தா, ராஸ் நிக்கல்ஸ் 1964-ல தொடங்கின சங்கம் இன்னும் பாடம் நடத்திக்கிட்டிருக்கு. ஹீத்தன்னா வடக்கு ஐரோப்பாவோட பழைய தெய்வங்கள், ஓடின், தோர், ஃப்ரேயா. ஐஸ்லாந்துல 1972-ல இதுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே அரசாங்கம் அங்கீகாரம் குடுத்துடுச்சு. கிரேக்க தெய்வங்களை கும்பிடறவங்களுக்கு கிரீஸ்ல 2017-ல அங்கீகாரம் கிடைச்சது.

எல்லாம் 50, 60, 70 வருஷக் கதையா இருக்கே, பழமையான வழின்னு சொன்னாங்களேன்னு உங்களுக்கு தோணும். எனக்கும் தோணிச்சு. கற்காலத்துலேர்ந்து விடாம ரகசியமா வந்த மதம் இதுன்னு மார்கரெட் மர்ரேங்கற எகிப்து ஆய்வாளர் 1921-ல எழுதினதை ரொம்ப பேர் நம்பினாங்க, நானும் நம்பினேன். சரித்திர ஆய்வாளர்கள் அதை ஏத்துக்கல. விக்கா எப்படி உருவாச்சுன்னு ரொனால்ட் ஹட்டன் 1999-ல ஆதாரத்தோட ஒரு பெரிய புத்தகமே எழுதிட்டார். வருஷத்துக்கு எட்டு பண்டிகைன்னு சொல்றாங்க பாருங்க, அதுல செப்டம்பர்ல பகலும் ராத்திரியும் சமமா வர்றப்போ கொண்டாடற மேபான்ங்கற பேரே 1970-கள்ல எய்டன் கெல்லிங்கற அமெரிக்கர் வச்சது. இதெல்லாம் தெரிஞ்சப்போ ரெண்டு வாரம் நான் மெழுகுவர்த்தி ஏத்தல, ஏமாந்துட்டேன்னு மனசு விட்டுப்போச்சு. அப்புறம் ஒரு பௌர்ணமி அன்னிக்கு ஜன்னல்ல சும்மா நின்னேன். சூரியன் இறங்கின கையோட கிழக்குல பெருசா, மஞ்சளா எழும்பிச்சு, தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்த அனுபவம் யாரும் 1954-ல கண்டுபிடிச்சது இல்ல. சடங்கு புதுசு, தெய்வங்களோட பேரு பழசு, நிலா அதுக்கெல்லாம் முன்னாடியே இருக்கு. இதை ஒளிவுமறைவில்லாம சொல்ற ஆளுங்களை நம்புங்க, "எங்க பாட்டிக்கு பாட்டி காலத்து ரகசியம், எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு"ன்னு ஆரம்பிக்கறவங்ககிட்ட நிதானமா இருங்க.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? நான் சொல்றது ஒரே விஷயம்தான், பேரு அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல பாருங்க. ஒரு சாதாரண நோட்டு எடுத்து தினமும் நிலா எங்க இருந்துச்சு, எத்தனை மணிக்கு எழும்பிச்சு, அப்ப உங்க மனசு எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க. பௌர்ணமிக்கு மறுநாள் கிட்டத்தட்ட 50 நிமிஷம் லேட்டா வரும், அடுத்த நாள் இன்னும் லேட், தேய்பிறை முடியப்போற சமயத்துல விடியறதுக்கு முன்னாடி எழுந்தாதான் மெலிசா ஒரு கீத்து தெரியும். அமாவாசை கழிஞ்சு ரெண்டாம் மூணாம் நாள் சாயங்காலம் மேற்குல நகம் மாதிரி திரும்ப வரும். இதைப் படிச்சு தெரிஞ்சுக்கறது வேற, நாமளே விடியக்காலையில குளிர்ல நின்னு தேடறது வேற. கூடவே ஒரே ஒரு மரத்தையும் வச்சுக்கோங்க, அது எப்ப இலை விடுது, எப்ப கொட்டுது, யார் வந்து அதுல உக்கார்றாங்க. பண்டிகையை ஒரு வருஷம் கழிச்சு யோசிக்கலாம். ஏன்னா அந்த எட்டும் வடக்கு ஐரோப்பா பருவத்துக்கு செஞ்சது. வருஷத்துலயே நீளமான ராத்திரிக்கு வர்ற யூல் அங்க டிசம்பர்ல, பூமியோட தெற்குப் பாதியில இருக்கறவங்க அதை ஜூன்ல வச்சுக்கறாங்க. பூமத்திய ரேகை பக்கம் நாலு பருவமே கிடையாது. அதனால உங்களைச் சுத்தி நிஜமா என்ன மாறுதோ அதைத்தான் கொண்டாடணும், காலண்டர்ல பிரிண்ட் பண்ணினதை இல்ல.

குரு பத்தி. கார்ட்னர் வழி விக்காவுல ஏற்கனவே தீட்சை வாங்கினவங்கதான் இன்னொருத்தருக்கு குடுக்க முடியும். மூணு படி இருக்கு, ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருந்து படிக்கற பழக்கமும் பரவலா உண்டு. அந்த வழிக்கு ஆள் வேணும்தான். ஆனா தனியா பண்றவங்க ஏராளம், அவங்களுக்குன்னே ஸ்காட் கன்னிங்ஹாம் 1988-ல புத்தகம் எழுதினார். அதனால குரு கிடைக்கலயேன்னு வாசல்லயே நிக்க வேணாம்.

வீட்ல பயம்னு சொன்னீங்க, நியாயமான பயம்தான். சூனியம்னாலே சாத்தானைக் கும்பிடறதுன்னு நினைக்கறாங்க, ஆனா சாத்தான்ங்கறது கிறிஸ்தவ நம்பிக்கையில வர்ற ஆளு, பேகன்கள் கும்பிடற தெய்வங்கள்ல அவரு இல்ல. பேகன்கள் அடையாளமா வச்சுக்கற அஞ்சு முனை நட்சத்திரத்துக்கு பொதுவா நிலம், நீர், நெருப்பு, காத்து, அதோட ஆன்மான்னு அர்த்தம். போர் வீரர்களோட கல்லறைக் கல்லுல அதை செதுக்கலாம்னு அமெரிக்க அரசாங்கமே 2007-ல ஒத்துக்கிச்சு. ஆனா இதையெல்லாம் வரிசையா எடுத்து வச்சு வாதாடினா வீட்ல மனசு மாறாது, சண்டைதான் பெருசாகும். மொதல்ல நீங்க பார்க்கற நிலாவை அவங்களுக்கும் காட்டுங்க, பேரு எதுவும் சொல்ல வேணாம். சொன்னா உங்களுக்கு ஆபத்து வரும்னு தோணினா சொல்லாம இருக்கறதும் தப்பே இல்ல, அது பொய் ஆகாது.

கேள்வி: ஆன்லைன்ல ஒரு குழுவுல சேர்ந்தேன். தலைவர் தீட்சைக்கு பெரிய தொகை கேக்கறார், சடங்குக்கு ட்ரெஸ் இல்லாம வரணும், வீட்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாதுங்கறார். இது வழக்கமா?

பதில்: வெளியே வந்துடுங்க, இன்னிக்கே. ட்ரெஸ் இல்லாம சடங்கு பண்றது கார்ட்னர் வழியில நிஜமாவே இருக்கு, அதை மறைக்க மாட்டேன், ஆனா வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கற இடத்துலதான் அது சடங்கு. தீட்சைக்கு காசு வாங்கக்கூடாதுங்கறது அந்த வழியிலயே கண்டிப்பான வழக்கம். இடத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் பங்கு போடறது வேற, தெய்வத்தை விக்கறது வேற. நானும் ஒரு குழுவுல எட்டு மாசம் இருந்தேன், கேள்வி கேட்டா "உன் ஆணவம் பேசுது"ன்னு வாயை அடைப்பாங்க, ஃப்ரெண்ட்ஸைப் பார்க்கவே விட மாட்டாங்க. கடைசியில அவங்க போன் வந்தாலே வயித்தை கலக்க ஆரம்பிச்சுது, அப்பதான் விட்டேன். வெளியே வந்தா சாபம் வரும்னாங்க, ஒண்ணும் வரல, நல்லா தூங்கினேன். ஐசக் போனவிட்ஸ்னு ஒரு ட்ரூயிட், ஒரு குழு எவ்வளவு ஆபத்தானதுன்னு மதிப்பு போட்டுப் பார்க்க கேள்விப் பட்டியலே போட்டு வச்சுட்டுப் போயிருக்கார். தலைவர் எவ்வளவு கட்டுப்படுத்தறார், பணம் எவ்வளவு கறக்கறாங்க, வெளியே போறது எவ்வளவு கஷ்டம்னு கேட்டுக்கிட்டே போகும். உங்க குழுவுக்கு அதைப் போட்டுப் பாருங்க. மிரட்டினாங்கன்னா தனியா சமாளிக்காதீங்க, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட மெசேஜ் எல்லாத்தையும் காட்டுங்க, போலீஸுக்கு போகவும் தயங்காதீங்க. இன்னொண்ணு, வடக்கு தெய்வங்களோட பேர்ல இனவெறி பேசற கும்பல்களும் இருக்கு, நல்ல ஹீத்தன் சங்கங்களே அவங்களை வெளிப்படையா எதுக்கறாங்க. "ரத்தம்", "வம்சம்"னு ஆரம்பிச்சாலே எழுந்து வந்துடுங்க.

கேள்வி: எல்லாரும் தெய்வம் கனவுல வந்து கூப்பிட்டுச்சுங்கறாங்க. எனக்கு ஒண்ணுமே வரல. நான் தகுதி இல்லாதவனா?

பதில்: இல்லவே இல்ல தம்பி. எனக்கும் இதுவரைக்கும் எந்த தெய்வமும் கனவுல வந்ததில்ல. தெய்வத்தை நம்பாம இயற்கையை மட்டும் வணங்கற பேகன்களும் இருக்காங்க, அவங்களும் இதே வட்டத்துலதான் நிக்கறாங்க. ராத்திரி ஒரு டம்ளர்ல தண்ணி வச்சு, ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி, அஞ்சு நிமிஷம் எதுவும் கேக்காம உக்காருங்க. காலையில அந்த தண்ணியை செடிக்கு ஊத்திடுங்க. அடுத்த அமாவாசை வரைக்கும் பண்ணிட்டு என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, ஒண்ணும் ஆகலன்னாலும் எழுதுங்க.