ஃபைல்ஜில்லாவில் எஸ்3 திறக்கவில்லையா? மாதக் கட்டணத்துக்கு அவசரப்படாதீர்கள்

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணப் படங்களை ஃபைல்ஜில்லா வழியாகத்தான் சர்வரில் ஏற்றுவோம். இப்போது அமேசானின் இணையச் சேமிப்பிடமான எஸ்3-க்கு மாறினோம். ஃபைல்ஜில்லா இணைய மறுக்கிறது. ‘எஸ்எஃப்டிபி இணைப்பு தனியாகப் போடணும், மாதாமாதம் செலவாகும்’ என்கிறார் கம்ப்யூட்டர் பார்ப்பவர். போடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எதையும் தப்பாக அமைக்கவில்லை. இலவச ஃபைல்ஜில்லாவுக்கு எஃப்டிபி, எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறைகள் மட்டும்தான் தெரியும், எஸ்3 தெரியாது. விண்டோஸில் ஓடும் வின்எஸ்சிபி என்ற மென்பொருளுக்குத் தெரியும், 2018 முதலே. அதுவும் இலவசம். மேக் என்றால் சைபர்டக்.

வின்எஸ்சிபியில் புரோட்டோகாலை அமேசான் எஸ்3 என்று மாற்றுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டுக்குப் பதில் ஆக்சஸ் கீ, சீக்ரெட் கீ கேட்கும். அமேசான் கணக்கில் ஸ்டுடியோவுக்கென்று ஒரு ஐஏஎம் பயனரை (நீங்கள் தரும் அனுமதி மட்டும் உள்ள துணைப் பயனர்) உருவாக்கி, உங்கள் படங்கள் இருக்கும் பக்கெட்டுக்கு (எஸ்3-ன் சேமிப்புப் பெட்டி) மட்டும் அனுமதி கொடுத்து, கீயை எடுங்கள். சீக்ரெட் கீயை ஒரே முறைதான் காட்டுவார்கள், உடனே பத்திரப்படுத்துங்கள். ஒரு பக்கெட்டுக்கு அனுமதி தர நிரல் போல ஒரு பத்தி எழுத வைக்கிறார்கள். கடை நடத்துகிறவர் எதற்கு இதைப் படிக்க வேண்டும்? இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் பார்ப்பவர் சொல்லும் எஸ்எஃப்டிபி இணைப்பு அமேசானிடமே உண்டு, டிரான்ஸ்ஃபர் ஃபேமிலி என்று பெயர். மணிக்கு சுமார் 0.30 டாலர். ஒரு படம்கூட ஏற்றாவிட்டாலும் மீட்டர் ஓடும். 30 நாளுக்கு 216 டாலர். வங்கியோ பெரிய நிறுவனமோ ‘எஸ்எஃப்டிபியில்தான் அனுப்புவோம்’ என்று பிடிவாதமாக இருந்தால் அது தேவைப்படும். அவர்கள் பக்கத்து மென்பொருளை உங்களால் மாற்ற முடியாது, அதனால் வேறு வழி இல்லை. அனுப்புவதும் எடுப்பதும் உங்கள் ஆட்களே என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இணைத்ததும் ‘ஆக்சஸ் டினைட்’ என்று வந்தால் பயப்படாதீர்கள். எல்லா பக்கெட்டுகளின் பட்டியலையும் பார்க்க அந்தப் பயனருக்கு அனுமதி இருக்காது. அட்வான்ஸ்டு அமைப்பில் ரிமோட் டைரக்டரி என்ற இடத்தில் சாய்கோடு (/) போட்டு பக்கெட் பெயரை எழுதினால் நேராக உள்ளே போகும்.

இன்னொன்று. அமேசான் கணக்கு உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று கம்ப்யூட்டர் பார்ப்பவர் தன் மின்னஞ்சலில் திறந்து வைத்திருந்தால், உறவு கசக்கும் நாளில் படங்கள் அவர் கையில். ரூட் கணக்கின் (முழு அதிகாரமும் உள்ள முதன்மைக் கணக்கு) பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே ஏதாவது கீ கொடுத்திருந்தால், புதியது எடுத்து வின்எஸ்சிபியில் போட்டுவிட்டு, பழையதை முடக்கிவிடுங்கள்.