ஸ்கேட்போர்டில் ட்ரக் (சில்லுகளைத் தாங்கும் உலோக அச்சு) பூட்டும்போது நட்டும் சேர்ந்தே சுற்றுகிறது, என்ன செய்வது?

பழுதல்ல. நட்டுக்குள் இருக்கும் நைலோன் வளையம் போல்ட்டைக் கவ்விப் பிடிப்பதால்தான் இரண்டும் சேர்ந்து சுற்றுகின்றன. மேலே அலன் கீயால் போல்ட்டை அசையாமல் பிடித்து, கீழே நட்டை மட்டும் 3/8 அங்குல ஸ்பேனரால் திருப்புங்கள்.

ட்ரக்குக்கு 4 போல்ட். நான்கையும் முதலில் விரலால் மாட்டிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக இறுக்கவேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் கடைசி ஓட்டை நேர்படாது. போல்ட் தலை பலகையோடு மட்டமானதும் நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் மரம் அமுங்கி வெடிக்கும்.

கிங்பின் என்பது ட்ரக்கின் நடுவில் உள்ள பெரிய போல்ட். இரு ட்ரக்கிலும் அதன் நட்டு பலகையின் நடுவைப் பார்க்கவேண்டும். மாறிப் பூட்டினால் இடப்பக்கம் சாய, பலகை வலப்பக்கம் திரும்பும்!

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஹாட்வெயார் கடையில் 5 மில்லிமீட்டர் போல்ட் தந்தால், நட்டையும் அதே அளவில் சோடியாக வாங்குங்கள். ஸ்கேட்போர்ட் போல்ட்டின் புரி 10-32 என்னும் அங்குல அளவு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கலந்து போட்டால் சரியாகப் பொருந்தாது.

மலை இறக்கத்தில் வேகமெடுக்கும்போது பலகை உதறினால் கிங்பின்னைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அந்த நட்டு 9/16 அங்குலம்: 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையாது, 15 வழுக்கி மூலையைத் தேய்த்துவிடும்.