முஸ்டாங்கைக் கொடுத்துவிட்டு எஸ்டிஐ வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், பனி கொட்டும் வட மாநிலம் ஒன்றில் இருக்கிறேன். என்னிடம் 2016 ஃபோர்டு முஸ்டாங் ஜிடி உள்ளது. மேனுவல் கியர், 58,000 மைல், ஒரு போல்ட்டைக்கூட மாற்றியதில்லை. சீக்கிரம் குழந்தை பிறக்கப் போகிறது, அதனால் நான்கு கதவு வேண்டும். பின்சக்கர வண்டியோடு பனியில் மல்லுக்கட்டியும் அலுத்துவிட்டது. ஒரு டீலர் என் வண்டியை எடுத்துக்கொண்டு 61,000 மைல் ஓடிய 2017 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ தருவதாகச் சொல்கிறார். முதல் உரிமையாளர் இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்), எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) எல்லாம் மாற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கையும் மாற்றி டியூன் போட்டிருந்தாராம், விற்கும் முன் பழையபடி ஆக்கிவிட்டாராம். எஸ்டிஐ எஞ்சின் தாங்காது என்று ஆளுக்கு ஆள் பயமுறுத்துகிறார்கள். மாற்றலாமா?

பதில்: எஸ்டிஐ வாங்கலாம். இந்த எஸ்டிஐ வேண்டாம்.

இரண்டு எஞ்சினும் வேலை செய்கிற விதமே வேறு. உங்கள் முஸ்டாங்கில் இருக்கும் 5.0 லிட்டர் கயோட்டி வி8 (எட்டு சிலிண்டர்), டர்போ இல்லாமல் 435 குதிரைத்திறன் தருகிறது. லிட்டருக்கு 90-ஐக்கூடத் தொடவில்லை. எஸ்டிஐயின் ஈஜே257 எஞ்சின் 2.5 லிட்டர்தான், ஆனால் 305 குதிரைத்திறன். லிட்டருக்கு 120-க்கு மேல். அந்தக் கூடுதலை டர்போ காற்றைத் திணித்து வாங்குகிறது. ஒரே அளவு பிஸ்டன் மேல் அதிக அழுத்தம், அதிக சூடு. வி8-இல் நீங்கள் செய்யும் சின்னத் தவறை எஞ்சின் மன்னித்துவிடும். ஈஜே அவ்வளவு தாராளம் இல்லை.

பெட்ரோலிலேயே இது தெரியும். ஆக்டேன் எண் கூடக்கூட, பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும். உங்கள் முஸ்டாங் 87 ஆக்டேன் சாதா பெட்ரோலிலும் ஓடும். எஸ்டிஐக்கு 91-க்குக் குறையாத பிரீமியம் கட்டாயம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மைலேஜ்தான் கொடுக்கும் என்பதால், சின்ன எஞ்சினுக்கு மாறினால் பெட்ரோல் மிச்சம் என்ற கணக்கு உங்கள் மனதில் இருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

ஈஜே குடும்பம் 1989-இல் பிறந்தது. அதன் 2.5 லிட்டர் டர்போ வடிவம் அமெரிக்க எஸ்டிஐயில் 2004-இல் வந்து 2021 வரை ஓடியது. இத்தனை ஆண்டுகளில் அதன் பலவீனங்கள் மெக்கானிக்குகளுக்கு அத்துபடி. அதில் முதலாவது ரிங் லேண்ட். பிஸ்டனின் பக்கவாட்டில் ரிங்குகள் உட்காரும் பள்ளங்கள் இருக்கின்றன அல்லவா, இரண்டு பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்புதான் அது. இந்த பிஸ்டன்கள் சிலிக்கான் அதிகம் கலந்த வார்ப்பு அலுமினியம். சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானமும் குறைவு, ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. தீப்பொறி பற்றவைத்த கலவை சீராக எரிந்து முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். அந்த அடி சுத்தியலால் தட்டுவது போல வரப்பின் மேல் விழும். ஒரு நாள் விரிசல் விடும், பிறகு ஒரு துண்டு உடையும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நான்காவது சிலிண்டர்.

இரண்டாவது, கனெக்டிங் ராட் பேரிங், அதாவது பிஸ்டனை எஞ்சினின் சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பியின் தாங்கி. ஆயில் அளவு குறைந்தபடி வேகமாக ஓட்டினால் பேரிங்குக்கு ஆயில் பட்டினி, அதற்குப் பிறகு வருவது சத்தம் மட்டுமே. ஈஜே ஆயில் குடிக்கும் எஞ்சின். முஸ்டாங் ஓட்டிய பழக்கத்தில், ஆயில் மாற்றும் நாளில்தான் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவுவேன் என்று இருந்தால் இந்த வண்டி உங்களுக்கு ஒத்துவராது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து, கவனமாக ஓட்டியும் எஞ்சினை இழந்தவர்களைவிட இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனத்தால் விட்டு இழந்தவர்களே அதிகம்.

சரி, இப்போது அந்த "பழையபடி ஆக்கிவிட்டாராம்".

எஸ்டிஐயில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் இன்டேக் குழாயில்தான் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனிக் குழாயின் குறுக்களவுக்கு ஏற்றபடி அதன் கணக்கு எழுதப்பட்டிருக்கும். குழாயை அகலமாக மாற்றினால், உள்ளே போவது அதே காற்றுதான், ஆனால் சென்சாரைக் கடக்கும் வேகம் குறையும். கம்ப்யூட்டர் காற்று குறைவு என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கும். பெட்ரோல் குறைந்த கலவை, மேலே டர்போ அழுத்தம், விளைவு நாக்கிங். நல்ல டியூனர் இதைச் சரிசெய்துதான் கொடுப்பார். ஆனால் குழாய் மாற்றிய நாளுக்கும் டியூன் போட்ட நாளுக்கும் நடுவே எத்தனை மைல் ஓடியது? அந்த டியூனைப் போட்டவர் யார்? டீலருக்கு இது தெரியாது, உங்களுக்கும் தெரியப் போவதில்லை. குழாயைத் திரும்ப மாட்டலாம், டியூனை அழிக்கலாம். பிஸ்டன் வரப்பில் விழுந்த மயிரிழை விரிசலை எப்படிப் பழையபடி ஆக்குவது?

வாரண்டியும் கைகொடுக்காது. எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கான சுபாருவின் பவர்ட்ரெயின் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. இந்த வண்டி இரண்டையும் தாண்டிவிட்டது. டீலர் தனியாக ஒரு சர்வீஸ் ஒப்பந்தம் விற்க முயன்றால், மாற்றம் செய்யப்பட்ட வண்டிகளைப் பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். அங்கேதான் பெரும்பாலும் கை விரிப்பார்கள்.

எஸ்டிஐ என்றாலே வெடிகுண்டு, வி8 என்றால் இரும்பு என்ற பேச்சிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எஞ்சின் போனவர் ஊருக்கெல்லாம் சொல்வார், ஒன்றரை லட்சம் மைல் ஓட்டியவர் பேசாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். உங்கள் கயோட்டிக்கும் குறை உண்டு. சூப்பர்சார்ஜர் (எஞ்சினே சுழற்றிக் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டி விரட்டினால் ஆயில் பம்பின் பல்சக்கரம் நொறுங்கும், உங்கள் வண்டியின் எம்டி82 கியர்பாக்ஸ் மேல் வந்த புகார்களுக்குக் கணக்கில்லை. டாட்ஜின் 5.7 லிட்டர் ஹெமி வி8-இல் லிஃப்டர் (வால்வைத் தள்ளும் சிறு உருளை) தேய்ந்து கேம்ஷாஃப்டையும் சேர்த்துக் கெடுப்பது தெரிந்த கதை. கம்பெனியில் இருந்து வந்தபடியே, ஆயில் காயாமல் ஓடிய எஸ்டிஐ நம்பத்தகுந்த வண்டிதான்.

ஆனால் உங்கள் கால் பழக்கம் மாற வேண்டும். முஸ்டாங்கில் ஆறாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலே முணுமுணுப்பில்லாமல் இழுத்துக்கொண்டு போகும். 5 லிட்டர் கொள்ளளவுக்கு அது ஒரு வேலையே இல்லை. அதே பழக்கத்தில் எஸ்டிஐயை நிமிடத்துக்கு 1,800, 2,000 சுற்றில் மேல் கியரில் வைத்து முழுசாக அழுத்தினால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் டர்போ அழுத்தத்தை ஏற்றும். எரிவதற்கு நேரம் அதிகம், சூடு அதிகம், நாக்கிங்குக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மிதிக்கும் முன் கியரைக் குறையுங்கள், 3,000-க்கு மேல் கொண்டுவந்து பிறகு மிதியுங்கள். வி8-இலிருந்து வந்தவர்களுக்கு இது ஆறு மாதமாவது பிடிபடாது. காலையில் ஆயில் சூடாகும்வரை பொறுமையும் வேண்டும். தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்கு இன்னும் சில மைல் ஆகும்.

கிளட்ச் விஷயமும் அப்படியே. முஸ்டாங்கில் சட்டென்று கிளட்சை விட்டால் பின்டயர் சுழன்று புகை வரும், அதோடு சரி. அங்கே டயர்தான் ஃபியூஸ். நான்கு சக்கரமும் ரோட்டைக் கவ்விக்கொண்டிருக்கும் வண்டியில் டயர் சுழலாது, அந்த அதிர்ச்சி முழுவதும் கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் என்று உள்ளேதான் போகும். எஸ்டிஐயின் ஆறு கியர் பெட்டி கெட்டியானது, தாங்கும். கிளட்ச் தாங்காது.

பனியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும், மேட்டில் ஏற்றும், வளைவில் இருந்து வெளியே இழுக்கும். நிறுத்தாது. நான்கு சக்கர பிரேக் எல்லா வண்டியிலும் இருக்கிறது, நிற்பது டயரின் வேலை. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கோடைக்கால டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். கோடைக்கால டயர் போட்ட எஸ்டிஐயைவிட நல்ல பனி டயர் போட்ட முஸ்டாங் பனியில் சீக்கிரம் நிற்கும். உங்கள் அலுப்பு பனி மட்டும் என்றால் நான்கு பனி டயர் வாங்கிக்கொண்டு வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு கதவு வண்டியின் பின்சீட்டில், பின்நோக்கிய குழந்தை இருக்கையைக் குனிந்து மாட்டி, அழுகிற பிள்ளையை அதில் உட்காரவைத்துப் பார்த்தவன் நான். அந்தக் காரணத்துக்காக மாற்றுகிறேன் என்றால் வாதாட மாட்டேன்.

அப்படியானால் எதைத் தேடுவது? ஒரே உரிமையாளர், மாற்றமே செய்யாத, சர்வீஸ் ரசீது உள்ள எஸ்டிஐ கிடைத்தால் அதைப் பாருங்கள். பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்டோடு நிறுத்தாமல் லீக்டவுன் டெஸ்டும் கேளுங்கள். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது அது. நான்கும் 10 சதவீதத்துக்குள், ஒன்றோடொன்று நெருக்கமாக இருந்தால் நிம்மதி. மூன்று 6, 7 என்று இருந்து நான்காவது மட்டும் 20 காட்டினால், கசியும் காற்று எங்கே போகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் வாய் வழியாக உஸ்ஸென்று வந்தால் ரிங் பக்கம் கோளாறு, அங்கேயே கிளம்பிவிடலாம்.

எஞ்சின் கம்ப்யூட்டரையும் படிக்கச் சொல்லுங்கள். நாக்கிங் வந்தால் பற்றவைப்பைத் தானாகத் தள்ளிப்போட்டு அதை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சுபாரு கம்ப்யூட்டருக்கு உண்டு. டேம் என்று மெக்கானிக்குகள் சொல்லும் எண் 1-இல் இருந்தால் எஞ்சின் தன் பெட்ரோலையும் தன்னையும் நம்புகிறது என்று பொருள். அதற்குக் கீழே இருந்தால் ஏதோ சரியில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இந்த நினைவு அழிந்துவிடும் என்பதால், நன்றாக ஓட்டிய பிறகு படித்த எண்ணுக்குத்தான் மதிப்பு. நான்கு டயரும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால், முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டே தேயும். 105,000 மைலில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

எஸ்டிஐ மேல் மனம் ஊன்றவில்லை என்றால், உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு அது அல்ல. பி58 ஆறு சிலிண்டர் டர்போ உள்ள பிஎம்டபிள்யூ 340ஐ எக்ஸ்டிரைவ் 2016 மாடலில் இருந்து கிடைக்கிறது, தேடினால் மேனுவலிலும் கிடைக்கும். வி8-இல் இருந்து வருபவருக்கு அதன் கீழ்ச்சுற்று இழுவை எஸ்டிஐயைவிட நன்றாகப் பிடிக்கும். எஞ்சினும் உறுதியானது, பின்சீட்டிலும் இடம் உண்டு. 2010 முதல் 2016 வரை வந்த சூப்பர்சார்ஜர் வி6 ஆடி எஸ்4-உம் நல்ல வண்டி, இன்டேக் வால்வில் கரி படிவதைச் சுத்தம் செய்யும் செலவை மட்டும் கணக்கில் வையுங்கள். 2004–2008-இன் வி8 எஸ்4 மலிவாக வந்தால் மயங்காதீர்கள். அதன் டைமிங் செயின்கள் எஞ்சினின் பின்பக்கம் இருக்கின்றன, அதன் பிளாஸ்டிக் கைடு தேய்ந்தால் எஞ்சினையே கீழே இறக்கித்தான் தொட முடியும். மிட்சுபிஷி இவோ 2015-உடன் முடிந்துபோனது. குழந்தை வீட்டில் இருக்கும்போது பாகம் தேடி அலைய உங்களுக்கு நேரம் இருக்காது.

முஸ்டாங்கைக் கொடுக்கும் விதத்திலும் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் டீலரிடம் மாற்றாகக் கொடுத்தால், புது வண்டியின் விலையில் பழையதைக் கழித்த மிச்சத்துக்கு மட்டுமே விற்பனை வரி. சில மாநிலங்களில் அந்தச் சலுகை இல்லை. அந்த வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டபின் தனியாக விற்பதில் எவ்வளவு கூடும் என்று பாருங்கள். எதையும் மாற்றாத மேனுவல் ஜிடிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை, அதுவும் குளிர்காலம் முடியும் நேரத்தில். டீலர் இப்போது உங்களை அவசரப்படுத்துகிறார் என்றால் அவருக்கும் அது தெரியும்.