"பி.காம் சிஏ படிச்சா ஆடிட்டரா?" – கணக்குப் படிக்க வருபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஈரோட்டில் ஆடிட்டராக இருக்கிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. 2016-ல் சிஏ முடித்தேன். அதற்குள் நடுத் தேர்வான இன்டரின் இரண்டாவது குரூப்பை மூன்று முறை எழுதியவள். அதனால் ரேங்க் வாங்குவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், மற்றதெல்லாம் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (தாராபுரம், ஒரு அப்பா): பொண்ணை பி.காம் சிஏ-ல சேர்த்திருக்கோம் மேடம். மூணு வருஷம் முடிஞ்சதும் ஆடிட்டர்னு போர்டு மாட்டிக்கலாமா?

இந்தக் கேள்வி வருஷா வருஷம் ஜூன் மாதம் என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிடும். அண்ணா, நம் ஊர்க் கல்லூரிகளில் பி.காம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுகிற சிஏ, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அல்ல. கல்லூரிக்காரர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் யாரும் கேட்காமல் அவர்களாகச் சொல்வதும் இல்லை.

ஆடிட்டர் ஆக்குவது பல்கலைக்கழகம் அல்ல. 1949-ஆம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்த ஐசிஏஐ என்கிற இன்ஸ்டிட்யூட். ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று தேர்வுகள், நடுவில் இரண்டு வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி. பணம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காமர்ஸ் டிகிரியில் 55 சதவீதம் வாங்கினால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டருக்குப் போகலாம். மற்ற டிகிரிக்காரர்களுக்கு அது 60. பாப்பாவிடம் அந்த 55-ஐ மட்டும் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (பிளஸ் டூ, காமர்ஸ் குரூப்): அப்போ டிகிரி முடிச்சுட்டு வர்றது நல்லதா, இப்பவே ஃபவுண்டேஷனா அக்கா?

பிளஸ் டூ முடித்த கையோடு வந்தால் காகிதக் கணக்கு இது: ஃபவுண்டேஷனுக்கு 4 மாதம், இன்டருக்கு 8, ஆர்ட்டிகிள்ஷிப் 24, ஃபைனலுக்கு 6. மொத்தம் 42 மாதம். ஒரு முறைகூடத் தவறாமல் போனால்தான் இந்தக் கணக்கு. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்து வருஷமாவது ஆகியிருக்கிறது.

கணக்குப்பதிவியல் உனக்குப் பிடித்திருந்தால் இப்பவே எழுது. நான்கு தாள். முதல் இரண்டும் விரித்து எழுதுவது, மற்ற இரண்டும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. அந்த இரண்டில் தப்புக்குக் கால் மார்க் போய்விடும், குருட்டாம்போக்கில் வட்டம் போடாதே. கூடவே ஒரு டிகிரியும் வைத்துக்கொள். மாலைக் கல்லூரியோ தொலைதூரக் கல்வியோ போதும்.

கேள்வி (பி.காம் இரண்டாம் ஆண்டு): நான் பன்னிரண்டு வரைக்கும் தமிழ் மீடியம். கணக்குப் போட்டுடுவேன், ஆனா ஆடிட், லா பேப்பர்ல ஒரு பக்கம் இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா கை நிக்குது. தமிழ்ல எழுத முடியுமா?

முடியாது தம்பி. ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டுதான். எனக்கும் இன்றுவரை இது வயிற்றெரிச்சல்தான். ஆனால் தேர்வுத்தாளை நம் வயிற்றெரிச்சல் மாற்றாது.

நான் எங்கே சறுக்கினேன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்து இரண்டாவது குரூப்பில் மூன்று தாள், 300-க்கு 150 வேண்டும். முதல் முறை 148. ஆடிட்டில் வாங்கியது 41. பாடம் தெரியாமல் இல்லை, கைடில் இருந்த ஆங்கிலப் பத்தியை அப்படியே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். நடுவில் ஒரு வார்த்தை மறந்தது, பின்னால் இருந்த மொத்தமும் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆர்ட்டிகிளாக ஒரு மஞ்சள் கிட்டங்கிக்கு மார்ச் 31 அன்று இருப்பு எண்ணப் போனேன். மூக்கெல்லாம் மஞ்சள் தூள். கணக்குப்பிள்ளை கொடுத்த லிஸ்ட்டில் 412 மூட்டை. நான் வரிசை வரிசையாக எண்ணினால் 412 சரியாக இருக்கிறது, டிக் போட்டுவிட்டேன். எங்கள் சீனியர் வந்தார், ஒரு மூட்டையைத் திருப்பினார். சாக்கில் வேறொரு வியாபாரியின் முத்திரை. "மூட்டை இருக்குதுன்னு பார்த்துட்ட, யாரோட மூட்டைன்னு பார்த்தியா?" என்றார். அதில் 60 மூட்டை பக்கத்து மண்டிக்காரர் இடம் கேட்டு வைத்தது. நம் கட்சிக்காரருடைய சொத்தே இல்லை.

அன்று ராத்திரி எஸ்ஏ 501 என்கிற ஆடிட் தரநிலை தமிழில் புரிந்தது. இருப்பு இருக்கிறதா, நல்ல நிலையில் இருக்கிறதா, போய்ப் பார். அது கட்சிக்காரருடையதா என்பதற்கு வேறு சான்று தேடு. விஷயம் இப்படி உள்ளே இறங்கிவிட்டால் ஆங்கிலத்துக்கு மூன்று வாக்கியம் போதும்: சட்டம் அல்லது தரநிலை என்ன சொல்கிறது, கேள்வியில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன. குட்டி வாக்கியம், ஒன்றுக்கு ஒரு விஷயம். தினமும் ஒரே ஒரு கேள்விக்குக் கையால் எழுது. எழுதி முடித்த பிறகு இன்ஸ்டிட்யூட்டே வெளியிடும் மாதிரி விடைகளோடு ஒப்பிடு. அது இலவசம். ஆறு மாதத்தில் உன் கை தானாக நகரும். இலக்கணப் பிழைக்கு யாரும் ஃபெயில் ஆக்குவதில்லை, முடிவைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி எழுதினால்தான் மார்க் போகும்.

கேள்வி: இன்டர்ல ரெண்டு குரூப்பையும் சேர்த்து எழுதணுமா, ஒண்ணொண்ணாவா?

இதைக் கோச்சிங் சென்டர் விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பென்சிலை எடுங்கள். விதி இதுதான்: ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் பாதி. ஒருவர் முதல் குரூப்பில் 42, 48, 45 வாங்குகிறார். கூட்டினால் 135, தேவை 150. இரண்டாவதில் 55, 58, 56. கூட்டினால் 169. தனித்தனியாக எழுதியிருந்தால் முதல் குரூப் போச்சு. சேர்த்து எழுதினால் 600-க்கு 304, இரண்டும் பாஸ்.

ஆனால் ஆறு தாளுக்கும் படிக்க நேரம் இருப்பவருக்குத்தான் இந்த ஆதாயம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் ஒன்றை முதலில் முடியுங்கள். ஒரு குரூப் தவறி, அதில் ஏதாவது ஒரு தாளில் 60 வந்திருந்தால், அந்தத் தாளை அடுத்த மூன்று முறைக்குத் திரும்ப எழுத வேண்டாம். 60 வரக்கூடிய ஒரு தாளை இப்போதே அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, நான் உயர்தரத்தில் கணக்கீடு படித்தனான். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்தால் தலை சுத்துது. எங்களுக்கு வரவு எண்டால் டெபிட். நீங்கள் வரவு எண்டால் கிரெடிட் எண்டு சொல்லுறீங்கள். ஆர் பிழை?

யாரும் பிழை இல்லை தம்பி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உங்கள் பக்கம் டெபிட் வரவு, கிரெடிட் செலவு. எங்கள் பாடநூலில் டெபிட் பற்று, கிரெடிட் வரவு. அதே சொல் கடலைத் தாண்டினால் பக்கம் மாறிவிடுகிறது.

நான் இதைப் புரிந்துகொண்ட விதம்: நீங்கள் பணப்பெட்டிக்குள் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். காசேட்டின் இடப்பக்கம் பெட்டிக்குள் வந்தது, வலப்பக்கம் போனது. நாங்கள் ஆளின் பெயரில் எழுதும் பற்று நோட்டைப் பார்க்கிறோம். மளிகைக் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு "பற்று எழுதிக்கோங்க" என்றால், அவர் பெற்றுக்கொண்டார், அவர் கணக்கில் டெபிட். பிறகு அவர் பணம் கட்டினால் அவரிடமிருந்து வரவு, அதாவது கிரெடிட்.

வங்கி பாஸ்புக்கும் இப்படித்தான் எல்லோரையும் குழப்புகிறது. நாம் பணம் கட்டினால் அதில் கிரெடிட் என்று வரும். அது வங்கியின் பேரேட்டில் நம் பெயரில் இருக்கும் பக்கம். அவர்களுக்கு நாம் கடன் கொடுத்தவர்கள். நம் புத்தகத்தில் அதே பணம் வங்கிக் கணக்கில் டெபிட். எந்தக் காணொளியைப் பார்த்தாலும் தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு டெபிட், கிரெடிட் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒரு அம்மா, கரூர்): ஆர்ட்டிகிள்னு சொல்லி வெளியூர் ஆடிட்டுக்கெல்லாம் அனுப்புவாங்களாமே. பொண்ணுக்கு சரிப்படுமா?

நானும் போனவள்தானே அம்மா. மில், மண்டி, வங்கிக் கிளை, எல்லாம். நம் சென்னைக்காரர் ஆர். சிவபோகம் 1933-லேயே கணக்காளராகத் தேறி, நாட்டின் முதல் பெண் ஆடிட்டர் ஆனவர். பின்னாளில் இன்ஸ்டிட்யூட்டின் தென்மண்டலக் கவுன்சிலுக்கே தலைவராக இருந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய்வந்தவர். வெளியூர் ஆடிட் அதைவிடப் பெரிய விஷயமில்லை.

ஆனால் சேரும் முன்பே ஆபீஸில் வாய்விட்டுக் கேளுங்கள்: எந்த ஊருக்கு, எத்தனை நாள், தங்குவது எங்கே, தேர்வுக்கு முன் லீவு எப்படி. இப்போதைய விதியில் இரண்டு வருஷத்துக்கு 24 நாள்தான் லீவு. இன்டரின் இரண்டு குரூப்பும், நான்கு வாரப் பயிற்சி வகுப்பும் முடித்த பிறகே ஆர்ட்டிகிள் தொடங்க முடியும் என்பதால், முன்பு போல அரைகுறைப் படிப்போடு ஆபீஸில் மாட்டிக்கொள்ளும் கஷ்டம் இப்போது இல்லை.

கேள்வி: சீனியர் அண்ணன் பழைய புக்கெல்லாம் சும்மா தர்றார். வாங்கலாமா?

அக்கவுண்ட்ஸ், காஸ்டிங் வாங்கு. டாக்ஸை எடைக்குப் போடச் சொல். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்ணே வேறு. உன் தேர்வு மாதத்துக்கு எந்தச் சட்டம் என்பதை இன்ஸ்டிட்யூட் அறிவிப்பில் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தொடு.

கேள்வி: ஏசிசிஏ, சிஎம்ஏ?

காஸ்டிங்கும் ஃபேக்டரியும் பிடித்தால் சிஎம்ஏ, அதாவது காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு. வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்கு வேலைக்கு பிரிட்டன் அமைப்பு நடத்தும் ஏசிசிஏ உதவும், ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்தியக் கம்பெனிக்கு ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது.

கேள்வி: தேர்வுக்கு எந்த கால்குலேட்டர்?

12 இலக்கம், 6 செயல்பாடு, 2 மெமரி, பேட்டரியில் ஓடுவது. அதற்கு மேல் அனுமதியில்லை. விடைகளை எல்லாம் கூட்டித் தரும் ஜிடி (கிராண்ட் டோட்டல்) பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. 10 சதவீத வட்டியில் மூன்று வருஷத்துக்கு ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு வேண்டுமென்றால், சிட்டிசன் கால்குலேட்டரில் 1 ÷ 1.1 அடித்து மூன்று முறை = அழுத்தினால் 0.909, 0.826, 0.751 என்று வரும். அடுத்து ஜிடி அழுத்தினால் மூன்றின் கூட்டல் 2.487. கேசியோவில் 1.1 ÷ ÷ 1 என்று அடித்து = அழுத்த வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் புது கால்குலேட்டர் வாங்காதே, விரல் பழகியிருக்காது.

கேள்வி (பி.காம் முதலாண்டு, இரவு 11 மணிக்கு): அக்கா, டிரையல் பேலன்ஸ் 540 ரூபாய் இடிக்குது. ரெண்டு மணி நேரமா தேடுறேன். அனாமத்துல போட்டு மூடிடவா?

டிரையல் பேலன்ஸில் டெபிட் கூட்டலும் கிரெடிட் கூட்டலும் ஒத்துப்போக வேண்டும், இடிக்கிற தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் அனாமத்துக் கணக்கு கடைசியில்தான். முதலில் 540-ஐ இரண்டால் வகு. 270 என்று எங்காவது பதிவு இருந்தால் அதைப் பக்கம் மாற்றி எழுதியிருக்கிறாயா பார். இல்லையென்றால் 9-ஆல் வகு. மீதியில்லாமல் 60 வருகிறது பார், அப்படியென்றால் ஏதோ ஒரு எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டை முன்பின்னாக எழுதியிருக்க வாய்ப்பு. 60 வந்ததால் நூறும் ஆயிரமும் இருக்கும் இடத்தில் தேடு, அந்த இரண்டு இலக்கத்துக்கும் நடுவே 6 வித்தியாசம் இருக்கும்.

அதே மாணவர், கால் மணி நேரம் கழித்து: கிடைச்சுடுச்சு அக்கா! வாடகை 1,710-ஐ 7,110-னு... இல்ல இல்ல, அது 5,400 வித்தியாசம் ஆகுது. கூலிதான். 2,820-ஐ 8,220-னு... அதுவும் 5,400.

தம்பி, நான்தான் இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். 60 வந்தால் பத்தும் நூறும் இருக்கும் இடம். அங்கே பார்.

அதே மாணவர்: வண்டிக்கூலி! 3,710-ஐ 3,170-னு எழுதியிருக்கேன்.

சரி, திருத்திவிட்டுப் படு. நானும் படுக்கப் போகிறேன்.