பின்வரிசையில் இருப்பவர்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். பாடம் நடத்தும்போதே, இன்னொரு நான் பின்வரிசையில் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்தாலும் அவன் விடுவதில்லை. எங்கள் வீட்டுப் பசுவுக்கு இந்தத் தொல்லை இல்லை. தன்னுணர்வு மனிதனுக்குத் தேவைதானா, இல்லை வெறும் சுமையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுமைதான். ஆனால் அதை இழந்த ஒருவரை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், உங்கள் பசுவின் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை.

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இடது கையைத் தூக்கச் சொன்னார் மருத்துவர். கை போர்வைமேல் கிடந்தபடியே கிடக்க, "தூக்கிட்டேனே" என்றார் பெரியப்பா. அவர் பொய் சொல்லவில்லை. மூளையின் வலப்பாதி பழுதுபட்ட சிலருக்கு, தம் உடல் முடங்கியிருப்பதே தெரியாமல் போகிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி 1914இல் இந்நிலைக்குப் பெயரிட்டார். பெரியப்பாவுக்கு ஒரு கவலையும் இல்லை, நாங்கள்தான் அழுதுகொண்டிருந்தோம். யாரையும் கூப்பிடாமல் எழுந்து நடக்கப்போய் இருமுறை விழுந்தார். தனக்கு எதற்குப் பயிற்சி என்று பிசியோதெரபிஸ்டைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் வாரம் ஒரு காலையில் தன் கையையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இது வரலையேடா" என்று உடைந்து அழுதார். அன்று மாலைதான் பயிற்சிக்குச் சம்மதித்தார்.

உங்கள் பின்வரிசைக்காரரின் கதை சற்று வேறு. அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப் 1970இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கத்திலிருந்த சிம்பன்சிகளின் புருவமேட்டில் சிவப்புச் சாயம் தடவப்பட்டது. விழித்தபின் கண்ணாடியைப் பார்த்த அவை தம் புருவத்தைத் தொட்டுப் பார்த்தன. தம் இனத்தோடு பழகவிடாமல் தனியே வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளோ கண்ணாடியில் தம்மை அடையாளம் காணவில்லை என்று அடுத்த ஆண்டே தெரியவந்தது. இதை வைத்து மனிதரைப் பற்றி முழுதாக முடிவு கட்டிவிட முடியாதுதான். என்றாலும் 'நான்' என்பது பிறரோடு பழகித்தான் உருவாகிறது என்றால், அது பிறருடைய கண்களையும் கூடவே அழைத்துக்கொண்டு வருவதில் வியப்பில்லை.

ஆகவே அவரை வகுப்பைவிட்டு வெளியேற்ற உங்களால் முடியாது. வேலை கொடுக்கலாம். நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கரும்பலகையில் கடைசி வரியை எழுதியபோது எந்த மாணவி தலையாட்டவில்லை என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.