மார்கழிக் குளிரும் டீசல் இன்ஜினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (பாம்பன், நாட்டுப்படகு உரிமையாளர்): மார்கழி பிறந்தால் விடிகாலையில் இன்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, ஸ்டார்ட் ஆனாலும் வெள்ளைப்புகை தள்ளுகிறது. குளிரில் டீசல் உறைந்துவிடுகிறதா?

பதில்: இல்லை. நம் கரையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலேயே இருக்கும். குளிரில் டீசல் பில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை கோடையில் 18 டிகிரிக்கும் குளிர்காலத்தில் 6 டிகிரிக்கும் மேல் இருக்கக்கூடாது என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 1460 வரம்பிட்டிருக்கிறது. ஆகவே டீசல் மீது பழி போடாதீர்கள். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் காற்று சூடேறுவதால்தான் எரிபொருள் பற்றுகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தோ, வால்வு சரியாக உட்காராமலோ, டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகியோ இருந்தால், வெயில் நேரத்தில் எப்படியோ ஓடிவிடும் இன்ஜின், காற்று சற்றே குளிர்ந்ததும் தன் பலவீனத்தைக் காட்டிவிடும். அந்த வெள்ளைப்புகை எரியாத டீசலின் ஆவி. இன்ஜின் சூடான பிறகும் அது நிற்காமல், கூலிங் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் உள்ள படகானால், முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் அவை பச்சை பூத்து மின்சாரத்தைத் தடுப்பதை நம் கரையில் அடிக்கடி காண்கிறேன். ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் பேட்டரியின் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் இணைப்புகளையும் சோதித்தாக வேண்டும்.

கேள்வி (சாயல்குடி, லாரி ஓட்டுநர்): கரிமூட்டை ஏற்றிக்கொண்டு தை மாதத்தில் காஷ்மீர் வரை போகிறேன். என்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்: உங்களுக்குத்தான் குளிர் உண்மையான சிக்கல். டீசலில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் பிரிந்து பில்டரில் படிந்தால், டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி நின்றுவிடும். எனவே ஊரில் நிரப்பிய டீசலோடு மலையேறாமல், அடிவாரத்தை அடையும்போது டேங்க் குறைந்திருக்கும்படி திட்டமிட்டு, அப்பகுதியின் குளிர்கால டீசலை நிரப்புங்கள். லடாக் போன்ற இடங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கத்தை அறவே விடுங்கள். மசகுத்தன்மை குறைந்து பம்ப் தேய்வதோடு, பிஎஸ் 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியின் புகை வடிகட்டியும் கெடும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து இன்ஜின் பிளாக்கையே வெடிக்கச் செய்யும். எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். புகையைச் சுத்திகரிக்க பிஎஸ் 6 லாரியில் ஊற்றும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். வண்டியிலுள்ள சூடேற்றி அதை உருக்கிக்கொள்ளும் என்பதால் பயப்பட வேண்டாம். பேட்டரியின் வலு மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே சார்ஜ் குறைந்த பேட்டரியோடு கிளம்பாதீர்கள்.

கேள்வி (தொண்டி): ஸ்டார்ட் ஆவதற்காக ஈதர் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். குளோ பிளக் (ஸ்டார்ட் செய்ய உதவும் சூடேற்றும் முனை) அல்லது காற்றுச் சூடேற்றி உள்ள இன்ஜினில் அது வெடிக்கும். இல்லாத இன்ஜினிலும் பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கக்கூடும்.

கேள்வி (மண்டபம், விசைப்படகு): புயல் கூண்டு ஏற்றி, பல நாள் படகு கரையில் நின்றபின் இன்ஜின் திணறுகிறது.

பதில்: பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்குகிறது. படகை நிறுத்தும் முன் டேங்கை நிரப்பிவையுங்கள். மீண்டும் எடுக்கும் நாளில் டேங்கின் அடித்திருகையும் நீர்ப்பிரிப்பு பில்டரையும் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு, பிறகு ஏர் எடுத்து, அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள்.